கேமரன் மலையும் இன்வர்னஸ் கோட்டமும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளாந்தான் ஆகிய இரு மாநிலங்களும் வந்து தொடும் இடத்தில், 712 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புடையதாய் அமைந்துள்ளது கேமரன் மலை மாவட்டம். பகாங்கின் மாவட்டங்களுள் பரப்பால் மிகச் சிறியது இதுவே. தேயிலையாலும் காய்கறியாலும் குளிர்ச்சியாலும் பெயர் பெற்ற இம்மலையைக் காண வருவோர் பலர். இஃது எவ்வாறு ஒரு மாவட்டமாயிற்று, இதன் எல்லை எக்காரணம் பற்றி இவ்வாறு விழுந்தது என்று கேட்போர் அரியர். ஆனால் ரிங்லெட் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் இவ்வினாவைத் தவறாமல் கேட்பர். நிலப்படம் வரையும் பாடம் வரும்போதெல்லாம் ஒருவராவது எழுந்து, "ஐயா, சாலை பேராக்கிலிருந்துதானே வருகிறது? நாம் எப்படிப் பகாங் ஆனோம்?" என்பர். கேள்வி சிறிது, விடையோ நெடிது. அவ்விடையைத் தேடிப் போனால், நம் மலைக்குப் பெயர் தந்த குலத்தின் தாயகமாகிய ஸ்காட்லாந்துவரை செல்ல நேரும்.

விடை தண்ணீரில் உளது. மலாயாத் தீபகற்பத்தின் முதுகெலும்புபோல வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் தித்திவாங்சா மலைத்தொடரின் முகட்டில் பெய்யும் மழை இரு கூறாகப் பிரிகின்றது. மேற்கே வழியும் நீர் பாத்தாங் பாடாங் முதலிய ஆறுகளின் வழியே பேராக் ஆற்றைச் சேர்ந்து மலாக்கா நீரிணையில் விழுகின்றது. கிழக்கே வழியும் நீரோ பெர்த்தாம், தெலோம், லெமோய் என்னும் ஆறுகளாய்ப் பெருகி, ஜெலாய் ஆற்றிற் கலந்து, கோலாலிப்பிஸ் நகரைக் கடந்து, கோலாதெம்பெலிங்கில் தெம்பெலிங் ஆற்றோடு கூடிப் பகாங் ஆறு என்னும் பெயர் பெற்று, பெக்கானுக்கு அருகே தென்சீனக் கடலை அடைகின்றது. தானா ராத்தாவில் ஓர் ஓடையளவாய்க் காணும் பெர்த்தாம், தீபகற்பத்தின் மிக நீண்ட ஆற்றுக்கு நீர் ஊட்டும் ஊற்றுகளுள் ஒன்று என்பதைச் சுற்றுலா வருவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நீர் பிரியும் அம்முகடு மேற்கே மிக அணித்தாக உளது. தாப்பாவிலிருந்து ஏறும் சாலை, தன் பெரும்பகுதியைப் பேராக் மண்ணிலேயே வளைந்து வளைந்து கடந்து, முகட்டைத் தாண்டிய சிறிது தொலைவில் ரிங்லெட்டில் இறங்குகின்றது. கடல்மட்டத்திலிருந்து ரிங்லெட் 1,100 மீட்டருக்குச் சற்று மேல். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர். குனோங் பிரிஞ்சாங் 2,031 மீட்டர். குனோங் இராவ் 2,110 மீட்டர். மாவட்டம் மூன்று முக்கிம்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ரிங்லெட், தானா ராத்தா ஆகிய இரண்டும் சிறியவை. ஹுலு தெலோம் என்னும் மூன்றாவதோ மொத்தப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கைக் கொள்கின்றது. அதில் பெரும்பகுதி காடு. ஆக, நாம் மாவட்டம் என்று பழகியிருப்பது உண்மையான மாவட்டத்தின் ஒரு விளிம்பே.

மலாய் அரசுகள் ஆற்று அரசுகள். பேராக், பகாங், கிளாந்தான் என்பன முதற்கண் ஆற்றின் பெயர்கள். பின்னரே நாட்டின் பெயர்கள். ஆற்றின் வாயைப் பிடித்தவன் ஆற்றின் வழியே இறங்கும் பொருளனைத்துக்கும் வரி கொண்டான். மேலாற்றில் வாழ்வோர் அவனுக்குரியர் ஆயினர். 'கோலா' என்றால் ஆற்று முகம். 'ஹுலு' என்றால் மேலாறு. இவ்விரு சொற்களும் ஊர்ப்பெயர்களில் எங்கும் விரவிக் கிடப்பது இப்பழைய அரசியலின் தடயம் எனலாம். ஆதலின், எந்த மழைத்துளி பகாங் ஆற்றை அடையுமோ அது விழும் நிலமும் பகாங்கின் நிலம் என்று கொள்வதே இயல்பாயிற்று. ஆள் ஏறியிராத முகட்டிலும் எல்லை தானே அமைந்து கிடந்தது.

தமிழாசிரிய அன்பர்கட்கு இஃது ஓர் ஒப்புநோக்கைத் தரும். சோழர் காலத்து நாடுகள் பெரும்பாலும் நீர்ப்பாசனத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்த்தொகுதிகள். முதலாம் இராசராசன் வகுத்த வளநாடுகளோ ஆறுகளையே எல்லையாகக் கொண்டவை. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்டது. நாட்டில் ஆறு நடுவிடத்தைப் பெறுகின்றது. வளநாட்டில் அதுவே வேலியாகின்றது. முன்னது வேளாளர் தாமே வளர்த்த அமைப்பு. பின்னது அரசன் அளந்து வகுத்த அமைப்பு. மலாய் நாடுகள் இவ்விரண்டில் முன்னதை ஒத்தன: ஆறு நடு, முகடு வேலி.

முகட்டை வேலியாகக் கருதாதோரும் இருந்தனர். அவர்கள் இம்மலையின் பூர்வகுடிகளாகிய செமாய் மக்கள். அவர்தம் குடியிருப்புகள் முகட்டின் இருபுறத்தும், பேராக்கின் பாத்தாங் பாடாங் பக்கத்திலும் பகாங்கின் பெர்த்தாம், தெலோம் பக்கத்திலும் இன்றும் உள்ளன. அவர்க்கு மலையின் இரு சரிவுகளும் ஒரு நாடே. நிலப்படத்திற் கோடு விழுந்தபோது அவர்கள் பாதி பேராக்கினராகவும் பாதி பகாங்கினராகவும் ஆயினர். நம் மாவட்ட வரலாற்றை 1885-இல் தொடங்கும் வழக்கம் உண்டு. அது நிலப்படத்தின் வரலாறு மட்டுமே என்பதை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் பேராக்-பகாங் எல்லைப் பகுதியை அளந்து படம் வரைய அனுப்பப்பட்டார். அவருடன் சென்ற மலாய் வழிகாட்டியின் பெயர் கூலோப் ரியாவ். உயர்ந்த மலைகள் சூழ, மென்சரிவான ஒரு பீடபூமியைத் தாம் கண்டதாகக் கேமரன் அறிக்கை செய்தார். அவர் கண்ட இடம் சரியாக எது என்பதில் பின்வந்தோர்க்கு ஐயம் எழுந்தது. ஆயினும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அக்காலத்துப் பேராக்கில் சர் ஹியூ லோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தார். பகாங்கோ இன்னும் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு உட்படவில்லை. 1887-இல் உடன்படிக்கையும் 1888-இல் ரெசிடெண்டு முறையும் வந்த பின்னரே அந்நாடு அவ்வாதிக்கத்துள் வந்தது. எனவே மலையை அளக்க வந்தவர் பேராக்கிலிருந்து வந்தார் என்பதும், அவர் கண்ட பீடபூமி வேற்றரசின் நீர்ப்பரப்பில் கிடந்தது என்பதும் கருதத்தக்கன. கண்டவன் ஒரு பக்கம், உடையவன் மறுபக்கம் என்னும் நிலை தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

இனிப் பெயரைப் பார்ப்போம். கேமரன் என்பது ஸ்காட்லாந்தின் மேட்டுநிலக் குலங்களுள் ஒன்றன் பெயர். 'வளைந்த மூக்கு' என்று பொருள்படும் கேலிக் மொழித் தொடரிலிருந்து இது வந்தது என்பர். அக்குலத்தின் தாயகம் லொகாபர். அந்த லொகாபர் அடங்கியிருந்த கோட்டம் இன்வர்னஸ். ஆங்கிலேயர் 'ஷயர்' என்றும் 'கவுண்டி' என்றும் கூறுவதைக் கோட்டம் என்று ஈண்டு வழங்குகின்றேன். தொண்டை மண்டலத்து இருபத்துநான்கு கோட்டங்களை அறிந்த நமக்கு அச்சொல் புதிதன்று.

இன்வர்னஸ் ஸ்காட்லாந்தின் கோட்டங்களுள் பரப்பால் மிகப் பெரியது. கிழக்கே மொரே கடற்கழியில் தொடங்கி மேற்கே அட்லாண்டிக் மாகடல்வரை பரந்து, ஸ்கை, ஹாரிஸ், வட ஊயிஸ்ட், தென் ஊயிஸ்ட், பார்ரா முதலிய தீவுகளையும் அணைத்துக் கிடந்தது. பிரிட்டனின் மிக உயர்ந்த மலையாகிய பென் நெவிஸ், 1,345 மீட்டர், லொகாபரில் உளது. நம் குனோங் பிரிஞ்சாங் அதனினும் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்! நாட்டைக் குறுக்கே பிளந்தாற்போல் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடும் பெரும்பள்ளத்தாக்கும், அதில் நெஸ் ஏரி உள்ளிட்ட ஏரிகளும், அவ்வேரிகளை இணைத்துத் தாமஸ் டெல்போர்டு அமைத்து 1822-இல் திறக்கப்பட்ட கலிடோனியக் கால்வாயும் அக்கோட்டத்தின் தலையாய அடையாளங்கள்.

இங்கே எல்லையை வகுத்தது நீர் என்று கண்டோம். அங்கே அதை வகுத்தவை பெரும்பாலும் குலமும் நிலக்கிழமையும். வெளி எபிரடீஸ் தீவுகளுள் லூயிஸ், ஹாரிஸ் என்பவை பெயரளவில் இரண்டு. நிலத்தால் ஒரே தீவு. ஆயினும் லூயிஸ் பகுதி 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஸ் கோட்டத்து மெக்கென்சி குலத்தார் கைக்குச் சென்றமையால், அது ராஸ் கோட்டத்தோடும், ஹாரிஸ் இன்வர்னஸ் கோட்டத்தோடும் நின்றன. அண்டையிலிருந்த குரோமார்ட்டிக் கோட்டமோ இதனினும் விந்தையானது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ் மெக்கென்சி என்னும் செல்வாக்குள்ள பிரபு, ராஸ் கோட்டமெங்கும் சிதறிக் கிடந்த தம் நிலங்களையெல்லாம் குரோமார்ட்டியோடு சேர்க்கச் செய்தார். விளைவாக ஒரு கோட்டம் துண்டு துண்டாய், ஒட்டுத் துணிபோல மற்றொரு கோட்டத்தின் மேல் கிடந்தது. 1889-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ராஸ்-குரோமார்ட்டி என ஒன்றாக்கிய பின்னரே அக்குழப்பம் நீங்கியது.

கோடு எதனால் விழுந்தாலும், ஆட்சி நேரில் வந்து சேர்வது சாலையின் வழியாகவே. இன்வர்னஸ் கோட்டம் என்று ஏட்டில் நெடுங்காலமாக இருந்தும், அரசனின் ஆணை லொகாபரின் பள்ளத்தாக்குகளை அடையவில்லை. குலத்தலைவரே வழக்குக் கேட்டார், அவரே தண்டித்தார். 1720-களிலும் 30-களிலும் தளபதி வேடு படைச்சாலைகளை அமைத்தார். 1745-இல் லொகியலின் தலைமையில் கேமரன் குலத்தார் இளவரசர் சார்லசின் கிளர்ச்சியிற் சேர்ந்து, 1746 ஏப்ரலில் இன்வர்னசுக்கு அருகிலுள்ள கல்லோடனில் முறியடிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டிலேயே குலத்தலைவர்களின் பரம்பரை நீதியதிகாரத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. கோட்டத்தின் ஷெரிப் உண்மையில் கோட்டத்தை ஆளத் தொடங்கியது அதன்பின்புதான்.

கேமரன் மலையிலும் சாலையே ஆட்சியைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு வேறுபாட்டோடு. 1885-இல் கண்ட பீடபூமி ஏறத்தாழ நாற்பது ஆண்டு காடாகவே கிடந்தது. 1925-இல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் தலைமைச் செயலாளராயிருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலைக்கு வந்து பார்த்து, இதனை மலைவாசத்தலமாக்க முடிவு செய்தார். அதன்பின் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவரை, ஏறத்தாழ 60 கிலோமீட்டர்ச் சாலை, 1920-களின் பிற்பகுதியில் வெட்டப்பட்டு 1931-இல் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது.

பகாங்கின் மலைக்குச் சாலை ஏன் பேராக்கிலிருந்து வெட்டப்பட்டது? மேற்குச் சரிவு குறுகியது. அதன் அடிவாரத்தில் ஈயச் சுரங்கங்களும் இரப்பர்த் தோட்டங்களும் ஊர்களும் நிறைந்திருந்தன. தாப்பா ரோடு நிலையத்தில் இரயில் நின்றது. கிழக்கே சென்றாலோ கோலாலிப்பிஸ்வரை பெருங்காடு. மேலும் பேராக், பகாங் இரண்டும் 1896 முதல் ஒரே கூட்டாட்சியின் உறுப்புகள். செலவு செய்தது கூட்டரசு. கோலாலம்பூரில் இருந்து பார்த்தவர்க்கு மாநில எல்லை ஒரு தடையாகத் தோன்றியிராது. பொறியாளர்க்கு எது எளிதோ அது நடந்தது. எல்லையைத் திருத்தவும் எவரும் முற்படவில்லை. நிலம் மாநிலத்துக்கு உரிய பொருள். அதை விட்டுக்கொடுக்க எந்தச் சுல்தானின் அரசும் இசையாது. நீர் பகாங்கை நோக்கி ஓட, சாலை பேராக்கை நோக்கி இறங்க, இவ்விரண்டுக்கும் இடையே நம் முன்னோர் வந்து குடியேறினர்.

1929-இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்து, சரிவில் கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களுட் பெரும்பாலோர் தமிழர். அரிசியும் மருந்தும் துணியும் தாப்பாவிலிருந்து ஏறின. தேயிலைப் பெட்டிகள் தாப்பாவுக்கு இறங்கின. பெண் கொடுத்ததும் எடுத்ததும் தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் பக்கங்களிலேயே. இன்றும் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் தாத்தா பாட்டியரின் ஊர்களைக் கேட்டால் பேராக்கின் பெயர்களே மிகுதியாக வரும். ஆனால் நிலவரியும் உரிமமும் பகாங்கினவை. கேமரன் மலை நெடுங்காலம் லிப்பிஸ் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆளப்பட்டது. தனி மாவட்ட நிலை பிற்காலத்திலேயே கிடைத்தது. கோலாலிப்பிஸ் 1898 முதல் 1950-கள்வரை பகாங்கின் தலைநகரமாகவும் இருந்தது. பின்னர்த் தலைநகரம் கிழக்குக் கரையிலுள்ள குவாந்தானுக்குச் சென்றது. எமக்கு அது இன்னும் தொலைவாயிற்று.

நேர்வழி இல்லாத அக்காலத்தில் ரிங்லெட்டிலிருந்து கோலாலிப்பிஸ் செல்ல வேண்டியவர், முதலில் தாப்பாவுக்கு இறங்கிப் பேராக்கை அடைவார்; அங்கிருந்து தெற்கே சிலாங்கூரின் கோலகுபு பாருவுக்குச் செல்வார்; மறுபடியும் அதே மலைத்தொடரைக் கேப் கணவாயில் ஏறிக் கடந்து, ரவூப் வழியாக லிப்பிசைச் சேர்வார். தம் மாவட்டத்தின் தலைமையூரைக் காண இரு மாநிலங்களைச் சுற்றி வரவேண்டும். நான் இளைஞனாகப் பயிற்சி முடித்து ஆசிரியப் பணியில் அமர்ந்த காலத்தில், ஒரு சான்றிதழில் ஒரு முத்திரை விடுபட்டமைக்காக இவ்வழியே இருமுறை சென்று வந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டா. பார்ரா தீவிலிருந்து இன்வர்னஸ் நகரில் கோட்டப் பேரவைக்கு வர, முதலிற் கடலையும் பின்பு ஸ்காட்லாந்தின் அகலத்தையும் கடக்கவேண்டியிருந்த உறுப்பினரைப் பற்றிப் படிக்கும்போது, அவர் எனக்கு உறவினர்போலத் தோன்றுகின்றார்.

மலைப்பகுதியைத் தொலைவிலுள்ள சமவெளி அலுவலகத்திலிருந்து ஆள்வதன் இடர்ப்பாட்டைத் தமிழகம் இதற்கு முன்னரே கண்டது. நீலகிரி முதலில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1830-இல் அதன் பெரும்பகுதி மலபாருக்கு மாற்றப்பட்டது. 1843-இல் மீண்டும் கோயம்புத்தூருக்கே வந்தது. இறுதியில் 1868-இல் அது தனியாகப் பிரிக்கப்பட்டு, ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் என்பார் ஆணையராக அமர்த்தப்பட்டார். அதன்பின்பும் எல்லை அசைந்தது: 1873-இல் ஆக்டர்லோனிப் பள்ளத்தாக்கும், 1877-இல் கூடலூரை உள்ளிட்ட தென்கிழக்கு வயநாடும் மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரியைச் சேர்ந்தன. காப்பி, தேயிலைத் தோட்டங்கள் எங்குப் பரவினவோ அங்கு மாவட்டமும் நீண்டது. நீலகிரியில் வாழ்க்கையின் போக்கறிந்து கோட்டைத் திருத்தினர். கேமரன் மலையில் கோடு நிற்க, வாழ்க்கை வளைந்து கொடுத்தது.

நீலகிரி தனி மாவட்டமான 1868-இல் சென்னை மாநில ஆளுநராயிருந்தவர் நேப்பியர் பிரபு. சென்னைக் கடற்கரையிலுள்ள நேப்பியர் பாலம் அவர் பெயரால் அமைந்தது. இவர் ஸ்காட்லாந்துக்காரர். ஆளுநர் பதவி முடிந்து தாயகம் திரும்பிய பின் இவர் செய்த ஒரு பணி நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

மேட்டுநிலக் குடியானவர்கள் தம் நிலங்களினின்றும் நெடுங்காலமாக வெளியேற்றப்பட்டு வந்தனர். மக்கள் வாழ்ந்த பள்ளத்தாக்குகளில் ஆட்டுமந்தைகளை விட்டால் நிலக்கிழார்க்கு வருவாய் மிகுதி. எஞ்சியோர் கடலோரத்துச் சிறு நிலங்களில் ஆண்டுக் குத்தகைக்கு இருந்தனர். விலகு என்றால் விலகவேண்டும். தாம் கட்டிய வீட்டுக்கும் திருத்திய நிலத்துக்கும் ஈடு இல்லை. 1882-இல் இன்வர்னஸ் கோட்டத்தைச் சேர்ந்த ஸ்கைத் தீவின் பிரேஸ் என்னும் இடத்தில் குடியானவர்கள் காவலர்களோடு மோதினர். 1883-இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தலைவரே நேப்பியர் பிரபு. குழு முதலிற் சென்ற இடமும் பிரேஸ்தான். மீன்பிடிப்போரும் குத்தகைக்காரரும் தம் சொந்தக் கேலிக் மொழியில் எழுந்து நின்று சான்று பகர்ந்தனர். மொழிபெயர்ப்பாளர் அவற்றை ஆங்கிலமாக்க, ஒவ்வொரு சொல்லும் ஏட்டில் ஏறியது. ஏழைகளின் வாய்மொழியைக் கொண்டு நிரம்பிய அத்தொகுதிகளே அம்மலைநாட்டின் தலையாய வரலாற்று மூலம் என்பது என் கருத்து. அரசர்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும், அது கிடைப்பதரிது.

1886-இல் வந்த சட்டம் குழுவின் பரிந்துரையை அப்படியே ஏற்கவில்லையாயினும், குத்தகை நிலைபேறு, நியாயமான வாடகை, திருத்தத்துக்கு ஈடு, மரபுரிமை ஆகியவற்றை வழங்கியது. ஆனால் எங்கு வழங்கியது? இன்வர்னஸ் உள்ளிட்ட ஏழு கோட்டங்களிலுள்ள பேரூர்ப் பிரிவுகளுக்கே அது உரியதாயிற்று. அதே மலை, அதே மொழி, அதே துன்பம். எனினும் எல்லைக்கு அப்பால் பெர்த் கோட்டத்தின் மேட்டுநிலத்தில் வாழ்ந்தவனுக்கு அச்சட்டம் இல்லை. என்றோ ஒரு ஷெரிப்பின் வசதிக்காகவோ ஒரு பிரபுவின் செல்வாக்கினாலோ விழுந்த கோடு, ஒருவன் தன் வீட்டில் நிலைத்து வாழலாமா என்பதைத் தீர்மானிக்கும் கோடாக மாறியது.

நம் மலையிலும் கோட்டின் பொருள் இறுதியில் நிலத்திலேயே தெரிகின்றது. மலேசிய அரசியலமைப்பில் நிலம் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆதலின் முகட்டுக்குக் கிழக்கே ஒரு காணி நிலம் வேண்டுவோர் பகாங் அரசிடமே கேட்கவேண்டும். சந்தை பேராக்கில் இருந்தாலும், உறவு பேராக்கில் இருந்தாலும் அதனாற் பயனில்லை. காய்கறித் தோட்டக்காரர்களுள் மிகப் பலர், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய தற்காலிக உரிமத்தின் மேலேயே தலைமுறைக் கணக்கில் பயிர் செய்துவந்தனர். தேயிலைத் தோட்டத் தமிழர் நிலையோ வேறு. நிலம் நிறுவனத்தின் கையில்; வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடியும். ஐம்பது ஆண்டு கொழுந்து பறித்த மூதாட்டி ஓய்வு பெறும் நாளில், தான் பிறந்த லயத்தை விட்டு எங்குச் செல்வது என்று கேட்பதை நான் ஒரு முறைக்கு மேற்பட்டுக் கேட்டிருக்கின்றேன். ஆண்டுக் குத்தகைக்காரனை நிலைத்த குடியாக்கிய 1886-ஆம் ஆண்டுச் சட்டமும், கேமரன் என்பார் இம்மலையைக் கண்ட 1885-உம் அடுத்தடுத்த ஆண்டுகள். ஒரு குலத்தின் பெயர் இங்கே வந்தது. அக்குலத்தார் வாழ்ந்த நிலத்திற் குடியானவன் பெற்ற உரிமை அதனோடு கப்பலேறவில்லை.

நீரால் அமைந்த எல்லை என்று தொடக்கத்தில் கூறினேன். அந்நீரையே மனிதன் திருப்பிய செய்தியையும் சொல்லவேண்டும். 1960-களில் நிறைவேறிய கேமரன் மலை நீர்மின் திட்டத்தில், தெலோம் ஆற்று நீர் சுரங்கவழியாகப் பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் கொண்டுவரப்பட்டது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்து ஏரி பிறந்தது. ஏரி நீர் மலையைத் துளைத்துச் செல்லும் மற்றொரு சுரங்கத்தின் வழியே மேற்கே இறங்கி, பேராக்கிலுள்ள ஜோர் என்னுமிடத்தில் நிலத்தடி மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகின்றது. பின்பு பாத்தாங் பாடாங் ஆற்றைச் சேர்கின்றது. பகாங் அரச மரபின் பெயரைத் தாங்கிய அணையில் தேங்கிய நீர், பேராக்கின் சுல்தான் யூசுப் பெயரைத் தாங்கிய நிலையத்தில் மின்னாகின்றது. தென்சீனக் கடலுக்குப் போகவேண்டிய மழை மலாக்கா நீரிணைக்குப் போகின்றது. எந்த நீர்ப்பிரிவைக் காரணமாகக் கொண்டு இம்மலை பகாங் ஆயிற்றோ, அந்த நீர்ப்பிரிவை இன்று சுரங்கம் மீறிவிட்டது. நிலப்படத்தின் கோடு மட்டும் இருந்த இடத்தில் இருக்கின்றது.

மேட்டிற் காடழிந்து மண் கரைந்து வந்து ஏரியில் படிய, அதன் கொள்ளளவு பெரிதும் குறைந்துவிட்டது. பெருமழையில் கதவுகளைத் திறக்கும்போது மட்டும் நீர் தன் பழைய வழியே கிழக்கே பாய்கின்றது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் பின்னிரவில் அவ்வாறு திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளை அடித்துச் சென்று உயிர்களையும் கொண்டது. ஆறு வற்றிவிட்டதென்று அதன் கரையிலேயே குடியிருந்தோர் பலர்.

அங்கே இன்வர்னஸ் கோட்டம் இன்று இல்லை. 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1975 மே மாதத்தில் அது நீக்கப்பட்டது. தலைநிலப் பகுதியும் ஸ்கைத் தீவும் மேட்டுநில மண்டலத்தில் அடங்கின. 1996 முதல் அம்மண்டலம் ஒரே ஆட்சிமன்றத்தின் கீழ் உளது. ஹாரிஸ் முதலிய மேலைத் தீவுகள் தனி ஆட்சிமன்றம் பெற்றன. அவற்றோடு லூயிசும் சேர்ந்தது. ஒரே தீவாயிருந்தும் இரு கோட்டங்களாய்ப் பிரிந்து கிடந்த லூயிசும் ஹாரிசும் ஒரே அலுவலகத்தின்கீழ் வந்தன.

இங்கே கோட்டை மாற்றாமல் சாலையை மாற்றியுள்ளனர். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு மற்றொரு பாதை வந்தது. அதுவும் பேராக்கிலிருந்தே ஏறுகின்றது. ஏறத்தாழ 2010-இல்தான் ரிங்லெட்டிலிருந்து கிழக்கே சுங்கை கோயானுக்குச் செல்லும் சாலை முடிவுற்று, பகாங்கின் மலைக்குப் பகாங்கிலிருந்தே நேர்வழி கிடைத்தது. 1931-க்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள். அச்சாலை முடியுமுன்னரே, 2004 தேர்தலில் கேமரன் மலை என்னும் பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி உருவாயிற்று. அதில் தானா ராத்தாவும், லிப்பிஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ஜெலாயும் ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். வாக்காளர் தொகுதியை வகுத்தோர் அறிந்தோ அறியாமலோ, தெலோமும் பெர்த்தாமும் இறங்கிக் கலக்கும் பழைய ஆற்றுநாட்டை மீண்டும் ஒன்றாக்கிவிட்டனர். 2019 சனவரியில் நடந்த இடைத்தேர்தலில் அத்தொகுதியில் வென்ற ரம்லி முகமட் நோர், பூர்வகுடி மக்களிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் உறுப்பினர் ஆவார்.